தந்தையின் மண்டொலினும் ஒரு கவ்வியும்

ஒருகொடவத்தைச் சந்தியில் கொள்கலன் லொறிகளின் இரைச்சல் ஓய்வது அரிது. அதனை அண்டிய ஒழுங்கையொன்றில் வாழும் லொறி திருத்துநர் ஒருவர் நெடுங்காலமாக வெள்ளிக்கிழமைப் பஜனைக்கு மண்டொலின் வாசித்து வந்தார். இரும்போடு இரும்பு மோதும் ஓசையில் உழைத்த செவிகள் காலப்போக்கில் மந்தமாயின. நவராத்திரி நாளொன்றில், சுருதி சேர்ந்துவிட்டதென நம்பி அவர் மீட்டியபோது பாடுவோர் ஒருவரையொருவர் நோக்கினர். எவரும் எதுவும் கூறவில்லை. அடுத்த வெள்ளியன்று மண்டொலின் பெட்டியை விட்டு வெளிவரவில்லை.

கலைப்பீடத்திற் பயிலும் அவர் மகன், சேமித்த சிறுதொகையுடன் புறக்கோட்டைக்குச் சென்றான். சுருதி காட்டும் செயலிகள் கைத்தொலைபேசியில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயின் அவை ஒலிவாங்கி வழியே கேட்பவை. வீதியின் இரைச்சலில் தடுமாறும். வாத்தியத்தின் தலைப்பகுதியிற் பொருத்தும் கவ்வி வகை ரியூனரோ மரத்தின் அதிர்வை உணர்வது. அதனிலும் இருவகை உண்டு. ஒன்று, குறித்த வாத்தியத்தின் சுரங்களை மட்டும் காட்டும். மற்றையது பன்னிரு சுரத்தானங்களையும் காட்டும். பஜனையிற் பாடுபவர் இன்று ஒரு கட்டையிலும் நாளை ஒன்றரைக் கட்டையிலும் தொடங்குவர். ஆதலின் இரண்டாம் வகையே பொருந்தும். மலிவானவற்றுள்ளும் அவ்வகை இருந்தது.

கருவியைக் கண்ட தந்தை, "இனி இந்தப் பெட்டிதான் எனக்குச் சொல்லித்தர வேணுமோ, தம்பி?" என்றார். மகன் மறுமொழி கூறவில்லை.

அவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளிவந்த தமது யாழ் நூலில் ஆராய்ந்த பழந்தமிழிசை மரபு, நரம்புகளை இணை, கிளை, பகை, நட்பு என உறவு கூறியே பேசும். கவ்வியோ ஒரு நேரத்தில் ஒரு தந்தியையே அறியும். மண்டொலினின் எட்டுத் தந்திகளும் நான்கு சோடிகள். ஒன்று விநாடிக்கு 440 முறையும் அதன் சோடி 441 முறையும் அதிர்ந்தால், இரண்டையும் சேர்த்து மீட்டும்போது விநாடிக்கு ஒருமுறை ஒலி ஏறியிறங்கும். அந்த அலையை நீக்குவது வாசிப்பவரின் பணி.

இரவு நெடுநேரம் கழித்து மகன் எட்டிப் பார்த்தான். கவ்வியின் துணையால் ஒவ்வொரு சோடியிலும் ஒரு தந்தியைச் சேர்த்த தந்தை, மற்றையதைச் சேர்க்கும்போது வாத்தியத்தின் தலையைத் தாடையில் அழுத்தியிருந்தார். காது தவறவிட்ட அலையை எலும்பு உணர்ந்தது. கவ்வி மரத்திலிருந்து அறிவதும் அந்த அதிர்வைத்தான்.

அடுத்த வெள்ளியன்று பாடகர் அரைக்கட்டை கூட்டிப் பாட விரும்பினார். தந்தை சட்டைப் பையிலிருந்து கவ்வியை எடுத்து, அனைவரும் காணப் பொருத்தினார். பின்னர் தாடையை மரத்தில் வைத்தார். பாடுவோர் காத்திருந்தனர்.