எழவு மேளம்

சிவகாசிப் பக்கத்துக் கதை ஒன்றுக்கு நான்தான் பின்னணி இசை. படத்தின் பெயர் வேண்டாம். நடித்தவர்கள், இயக்கியவர், கேமரா பிடித்தவர் எல்லோரும் நேர்மையாக உழைத்தார்கள். பொய் சொன்னது நான் ஒருவன்தான். அதுவும் தெரியாமல் சொன்ன பொய் இல்லை. நான் அந்த ஊர்க்காரன். என் பெரியம்மா ஃபயராபீசில், அதாவது பட்டாசு ஆலையில், வெடிமருந்து செலுத்தித்தான் எங்கள் வீட்டையும் தன் வீட்டையும் நிமிர்த்தினாள்.

படத்தின் நாயகிக்கும் அதே வேலை. இயக்குநர் கேட்டது அவளுக்கு ஒரு தீம், ஊருக்கு ஒரு தீம். சாலிகிராமத்து ஏ.சி. அறையில் உட்கார்ந்து இரண்டையும் ஒன்றாக்கினேன். கீழ்ஸ்தாயியில் ஷட்ஜமும் சுத்த ரிஷபமும் மாறி மாறி. அதற்கடியில் உறுமி. அதற்கும் அடியில் இரும்பில் இரும்பு மோதும் சத்தம். மூன்றும் கம்ப்யூட்டரில் தயாராக இருந்த சாம்பிள்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வேலை முடிந்தது. “வயித்தைக் கலக்குது சார்” என்றார் இயக்குநர். அதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் தொழிலில் இல்லை.

பக்கத்துப் பக்கத்து ஸ்வரம் இரண்டை வைத்துப் பயமுறுத்துவது யாருடைய வித்தை என்று சினிமாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1975-இல் ‘ஜாஸ்’ படத்தில் ஜான் வில்லியம்ஸ் செய்தது. திரையில் சுறா தெரியாது, இசை வரும், சுறா வந்துவிட்டது என்று நமக்குப் புரியும். அதே படத்தில் இரண்டு பையன்கள் அட்டையில் செய்த துடுப்பைத் தண்ணீருக்கு மேலே காட்டிக் கடற்கரையையே ஓட வைப்பார்கள். அந்த இடத்தில் சுறாவின் இசை வராது. பொய்ச் சுறாவுக்கு வில்லியம்ஸ் வாசிக்கவில்லை. அவரிடமிருந்து இரண்டு ஸ்வரங்களை மட்டும் திருடிக்கொண்டு, அந்த ஒழுக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன் நான்.

என் நாயகி பூ வாங்குவாள், சீட்டுக்காரியோடு சண்டை போடுவாள், வேனில் தோழியைக் கிண்டலடிப்பாள். எல்லா இடத்திலும் அந்த உறுமல். கடைசியில் விபத்து வந்தபோது இசைக்குச் செய்ய வேலை எதுவும் மிச்சமில்லை. வால்யூமைக் கூட்டினேன்.

பெரியம்மாவை சிவகாசித் தியேட்டருக்குக் கூட்டிப் போயிருந்தேன். இடைவேளையில் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: “ஏன்டா, அந்தப் பிள்ளை தூக்குச்சட்டியத் தூக்கிட்டு வேலைக்குப் போனாக்கூட எழவு மேளம் அடிக்கிறியே, அவ என்ன தெனமுமா சாகுறா?”

சிரித்துச் சமாளித்தேன். “சினிமால்லாம் அப்படித்தான் பெரியம்மா.”

மருந்து புழங்கும் அறையில் என்ன சத்தம் கேட்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் கேட்காது. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே வெறும் பொட்டல். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. பகல் வெளிச்சம்தான் விளக்கு. காகிதம் உரசும், வளையல் உரசும், யாராவது மருமகளைப் பற்றி ஏதாவது சொல்வார்கள். இரும்பு மட்டும் ஆகாது. பொறி பறந்தால் தீர்ந்தது என்பதால் கருவியெல்லாம் மரம், பித்தளை, அலுமினியம். உலகத்தில் இரும்போடு இரும்பு மோதவே கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது அந்த அறைதான். என் தீம் இரும்படியில்தான் தொடங்கியது.

ஊருக்கும் ஆளுக்கும் ஒரே மெட்டு போட்டதில் தப்பில்லை. இளையராஜா 1987-இல் ‘நாயகன்’ படத்தில் காட்டியதுதான். வேலு தூத்துக்குடியிலிருந்து ஓடிவந்த பையன். பிறகு படமே பம்பாய்ப் படம். ஆனால் தென்சீமையைப் பாடும் ஒரு தாலாட்டு மட்டும் அவரை விடாமல் கூடவே வந்து, அவரோடு சேர்ந்து கிழடாகிறது. அங்கே ஆளையும் ஊரையும் இணைத்தது தாலாட்டு. நான் இணைத்தது பயத்தால். எங்கள் பக்கத்தில் பயம் தவிர வேறு இசை இல்லை என்றும் இல்லை. விருதுநகர்க்காரரான வசந்தபாலன் 2006-இல் ‘வெயில்’ எடுத்தார். ஜி.வி. பிரகாஷ்குமாருக்கு அது முதல் படம், வயது 19. கந்தக பூமி என்று ஊரே சொல்லும் மண்ணில் பிள்ளைகள் வெயிலில் ஆடித் திரிந்த குதூகலத்துக்கு அவர்களிடம் ஒரு பாட்டு இருந்தது. அந்த வெயிலில் அலைந்து வளர்ந்த என்னிடம் உறுமிதான் இருந்தது.

விபத்து இல்லாத ஊர் என்று சொல்ல வரவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்த பயம் எங்கள் வீட்டிலும் உண்டு. வேன் வரக் கொஞ்சம் நேரமானாலும் தெருமுனையில் போய் நிற்போம். ஆனால் அந்த பயம் வீட்டில் காத்திருந்தவர்களுடையது. வேலைக்குப் போன பெரியம்மா அதைச் சுமந்துகொண்டு திரிந்தவள் இல்லை. அவளுக்குச் சம்பளம், போனஸ், கால்வலி, புதுச் சேலை என்று ஆயிரம் இருந்தது. நாங்கள் தெருமுனையில் நின்ற பயத்தை எடுத்து அவள் தலையில் வைத்தேன்.

ஏன் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோம்பேறித்தனம் பாதிதான். சென்னையில் யாரிடமாவது ஊரைச் சொன்னால் “சிவகாசியா?” என்று கண்ணை விரிப்பார்கள். அந்த விரிந்த கண்களுக்குப் பல வருஷமாகத் தீனி போட்டு வந்தவன் நான். பயங்கரமான ஊரிலிருந்து வந்தவன் என்பதில் ஒரு மிதப்பு. பத்திரிகைக்காரர் ஒருவர் அந்த தீம் பற்றிக் கேட்டபோது, சின்ன வயதில் கேட்ட வெடிச் சத்தத்திலிருந்து வந்தது என்று கூசாமல் சொன்னேன். சின்ன வயதில் நான் கேட்டது தீபாவளி வெடிதான். எல்லா ஊர்ப் பிள்ளைகளும் கேட்டது.

சமீபத்தில் சாத்தூர்ப் பக்கத்துக் கதை ஒன்றோடு ஒரு தயாரிப்பாளர் வந்தார். “அதே மாதிரி வயித்தைக் கலக்கணும்” என்றார். மறுத்திருக்கலாம். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம். அட்வான்சை வாங்கிக்கொண்டேன். இந்த முறை இரும்பை எடுத்துவிட்டு மரச் சத்தம் போட்டிருக்கிறேன். உறுமியும் அந்த இரண்டு ஸ்வரமும் அப்படியேதான் இருக்கின்றன. பெரியம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.