அடுத்த வீட்டுப் பூனையும் என் கைத்தடியும்



பிறருக்கு மார்க்கத்தை எடுத்துரைப்பவன், தான் சறுக்கிய இடத்தையும் சொல்லத்தான் வேண்டும் என்று கருதி இதனை எழுதுகிறேன். சறுக்கியது பெரிய சோதனை எதிலும் அன்று; ஒரு பூனையின் விஷயத்தில்.

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் என் குடும்பம் குடியேறி மூன்றாண்டுகள் ஆகின்றன. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையேறி வருவோர் பெரும்பாலும் அறப்பளீசுவரர் கோயிலையும் ஆகாய கங்கை அருவியையும் கண்டுவிட்டுத் திரும்பிவிடுவர். மிளகும் காப்பியும் பலாவும் வாங்கி விற்கும் வணிகர்கள் மட்டுமே தங்குவர். அவ்வாறு தங்கிய மைத்துனருக்குத் துணையாக நானும் வந்தேன். சமவெளியில் பன்னிரண்டு ஆண்டுகள் மத்ரஸா ஆசிரியராக இருந்தவன் ஆதலால், இங்குள்ள எங்கள் சிலரது பிள்ளைகளுக்கு மாலைதோறும் என் வீட்டு முன்னறையில் குர்ஆன் ஓதக் கற்பிக்கிறேன். ஏழு பிள்ளைகள் வருகின்றனர்.

எங்கள் அடுத்த வீட்டில் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு மூதாட்டி தனித்து வாழ்கிறார். அவரிடம் ஒரு கடுவன் பூனை உண்டு. சாம்பல் நிறம், கறுப்புக் கோடுகள், ஒரு காது கிழிந்திருக்கும். அது எங்கள் வீட்டைத் தன் எல்லைக்குள் அடங்கியதாகவே எண்ணிக்கொண்டது. சமையலறைச் சன்னல் வழியே மாலையில் நுழையும், கருவாட்டை இழுக்கும், விரட்டினால் ஓடாமல் முதுகை வளைத்துச் சீறும். ஒருநாள் சுவரோரம் மடித்து வைத்திருந்த தொழுகை விரிப்பின் மீது சிறுநீரைப் பீய்ச்சிவிட்டுச் சென்றது. வேறோர் ஆண் பூனை அப்பக்கம் வந்தால் நள்ளிரவில் ஓட்டின்மீது நடக்கும் சண்டையில் வீடே விழித்துக்கொள்ளும்.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் குழம்புகின்றனர். பூனையின் வாய் பட்ட தண்ணீர் வேறு, அதன் சிறுநீர் வேறு. அபூ கதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய வைத்திருந்த நீரைக் குடிக்கப் பூனை வந்தபோது, அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து நோக்கிய மருமகளிடம், பூனை அசுத்தமன்று, அது உங்களைச் சுற்றி வருவனவற்றுள் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் உள்ளது. ஷாஃபிஈ மத்ஹபில் அந்த எச்சில் நீர் தூய்மையானது. இமாம் அபூஹனீஃபா அவர்களிடம் அது தூய்மையாயினும் வேறு நீர் இருக்கையில் பயன்படுத்துவது மக்ரூஹ். ஆனால் சிறுநீர் நஜீஸ் என்பதில் ஐயமில்லை. ஆகவே விரிப்பை மும்முறை கழுவிப் பிழிந்து வெயிலில் இட்டேன். நாற்றம் இருக்கும்வரை பூனை அதே இடத்தைத் தேடி வரும் என்பதால், காடி கலந்த நீரால் சுவரையும் துடைத்தேன்.

அதே வாரத்தில்தான், பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், பூமியின் சிற்றுயிர்களைத் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் வேதனைக்குள்ளானாள் எனும் ஹதீஸைப் பிள்ளைகளுக்கு நடத்தினேன். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற செய்தி. பாடம் நன்றாகவே அமைந்தது. பிள்ளைகள் கண்கலங்கினர்.

இரண்டு நாள் கழித்து, அஸருக்குப் பின், கொல்லையில் என் ஒன்பது வயது மகளின் அலறல் கேட்டது. பூனை கோழிக்குஞ்சு ஒன்றைக் கவ்வியிருக்க, அவள் அதைப் பிடுங்கப் போயிருக்கிறாள். முன்கையில் மூன்று கீறல்கள், இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நான் செய்திருக்க வேண்டியது கையைக் கழுவுவது. நான் செய்தது கைத்தடியை எடுத்தது. பூனையின் பின்னங்காலில் அடி விழுந்தது. அது எழுப்பிய ஓலம் இன்னும் என் செவியில் இருக்கிறது. மூன்று காலால் வேலியைத் தாண்டிச் சென்றது.

திரும்பினால், ஓத வந்த பிள்ளைகள் கிதாபுகளை நெஞ்சோடு அணைத்தவாறு வாசலில் நின்றிருந்தனர். அவர்களுள் சிறியவன் கேட்டான்: "ஹஜ்ரத், கட்டிப் போட்டாத்தான் பாவமா? அடிச்சா பாவமில்லையா?"

அவனுக்கு அன்று நான் விடை கூறவில்லை. மகளின் கையைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடங்கள் கழுவினேன். செம்மேட்டிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். பெற்றோர் இதை மனத்திற் கொள்ள வேண்டும்: வெறிநாய்க்கடி நோய் பெரும்பாலும் நாய்களாலேயே பரவினும், பூனையின் கடியாலும் கீறலாலும் வரக்கூடும். வந்துவிட்டால் காப்பாற்றுவது அனேகமாக இயலாது. வருமுன் தடுப்பதோ எளிது. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் காயத்தில் அப்பக் கூடாது. தடுப்பூசியை முதல் நாளிலும் பின் 3, 7, 28 ஆம் நாட்களிலும் தவறாமல் போட வேண்டும். இரத்தம் கசிந்த காயமாயின் நோய் எதிர்ப்புப் புரத மருந்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துவர்.

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார்: அந்தப் பூனையைப் பத்து நாட்கள் கண்காணியுங்கள். அது நலமாக இருக்கிறதா, உண்கிறதா என்று பாருங்கள்.

வீடு திரும்பியபோது யோசனைகள் காத்திருந்தன. மிளகு மூட்டை ஏற்றும் வண்டியில் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் அடிவாரத்தில் விட்டுவிடலாம் என்றார் உறவினர் ஒருவர். கருவாட்டில் மருந்து வைத்தால் ஒரே இரவில் முடிந்துவிடும் என்றார் மற்றொருவர். உண்மையைச் சொல்வதாயின், சாக்கு யோசனை அன்றிரவு எனக்குப் பிடித்தே இருந்தது.

இஷாவுக்குப் பின் கிதாபுகளைத் திறந்தேன். ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் தீங்கு செய்யும் பூனையைப் பற்றியே ஒரு சட்டம் இருக்கிறது. அதனை அடிக்கக் கூடாது. காதைத் திருகக் கூடாது. கூர்மையான கத்தியால் அறுக்கலாம் என்பது அதன் சாரம். மாணவப் பருவத்தில் படித்தபோது இது எனக்கு விந்தையாகத் தோன்றியதுண்டு. கொல்லலாம், அடிக்கக் கூடாதா? அன்றிரவு விளங்கியது. உயிரைப் போக்குவதற்கு இடமளித்த இடத்திலும் வதைப்பதற்கு இடமளிக்கவில்லை. அடி எந்தத் தீங்கையும் நீக்குவதில்லை. அடிப்பவனின் கோபத்தை மட்டுமே தணிக்கிறது. மேலும், இப்பூனை எனக்குரியதன்று, அண்டை வீட்டாருக்குரியது; எனவே அதன் உயிர்மீது எனக்கு உரிமையில்லை. விலங்குகளை வதைப்பது நாட்டின் 1960 ஆம் ஆண்டுச் சட்டப்படியும் குற்றம். நஞ்சோ யார் வீட்டுக் கோழிக்கும் நாய்க்கும் போய்ச் சேருமென்று சொல்ல முடியாது. சாக்கில் கட்டி விடுவதோ, தெரியாத ஊரில் பசிக்குக் கையளிப்பது. ஹதீஸில் வரும் பெண்ணின் செயலுக்கும் அதற்கும் இடைவெளி குறைவு. அத்தோடு, பூனை கண்ணெதிரே இல்லாவிடில் பத்து நாள் கண்காணிப்பது எங்ஙனம்? என் மகளின் நலனே அப்பூனை உயிரோடும் அருகிலும் இருப்பதைச் சார்ந்திருந்தது.

மறுநாள் காலை மூதாட்டியின் வீட்டிற்குச் சென்றேன். மூன்றாண்டுகளில் பூனையைக் குறித்து அவரிடம் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. மனைவியிடம் முறையிட்டிருக்கிறேன், மைத்துனரிடம் முறையிட்டிருக்கிறேன். உரியவரிடம் மட்டும் சொல்லவில்லை.

திண்ணையில் பூனையை மடியில் கிடத்தி, அதன் காலில் பச்சிலை வைத்துத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். "எந்தப் பாவியோ அடிச்சிருக்கான் பாயி" என்றார்.

வாய் உலர்ந்துவிட்டது. தெரியாததுபோல் திரும்பிவிடவும் வழியிருந்தது. வாசலில் நின்ற அந்தச் சிறுவனின் முகம் நினைவுக்கு வந்தது.

"நான்தான் ஆயா" என்றேன். "பிள்ளையின் கையைக் கீறிவிட்டது. ஆத்திரத்தில் அடித்துவிட்டேன்."

நெடுநேரம் அவர் பேசவில்லை. பின்னர் என்னைப் பார்க்காமலேயே, "இது வந்து தொல்லை பண்ணுதுன்னு ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? நான் என்ன அந்நியமா?" என்றார். பூனையை அடித்ததைவிட இதுவே அவரைக் கூடுதலாகப் புண்படுத்தியிருந்தது.

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் இல்லத்தில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட செய்தியை எத்தனையோ முறை பயானில் சொல்லியிருக்கிறேன். பெருநாளன்று இந்த ஆயாவுக்கு இனிப்பும் அனுப்பியிருக்கிறேன். அண்டை வீட்டாரின் உரிமை இனிப்போடு முடிந்துவிடுவதில்லை. மனக்குறையை அவரிடமே நேரில் சொல்லும் நேர்மையும் அதில் அடக்கம் என்பது அன்றுதான் உறைத்தது.

பேசியபின் காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. சாமை மூட்டைகளை எலி விட்டுவைக்காது என்பதால் குட்டியிலிருந்து இதனை அவர் வளர்க்கிறார். நண்பகலில் சோறு வைப்பார். மாலையில் காட்டிலிருந்து திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அந்த இடைவெளியில்தான் எங்கள் அடுப்பு மணம் அதனை இழுத்திருக்கிறது. காலையிலேயே ஒரு பங்கு கூடுதலாக வைத்துச் செல்ல அவர் இசைந்தார். நான் சன்னலுக்குக் கம்பி வலை அடித்தேன். குஞ்சுகளை மாலையில் கூடையால் கவிழ்த்து வைத்தேன். பத்து நாட்களும் காலையும் மாலையும் அத்திண்ணைக்குச் சென்று பூனையைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் சீறும். சீறட்டும் என்று அமர்ந்திருந்தேன். பதினோராம் நாள் அது நான்கு கால்களாலும் நடந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

பீய்ச்சுதல், சண்டை, எல்லை தேடி அலைதல் ஆகியவை ஆண் பூனையின் இயல்பு. விதை நீக்கினால் பெரும்பாலானவற்றில் அவை தணியும். மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா எனச் சிலர் கேட்பர். பயன் கருதியோ தீங்கைத் தடுக்கவோ பூனைக்கு இதனைச் செய்வதில் குற்றமில்லை என ஹனஃபி ஃபத்வா நூல்களில் காணப்படுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில், உண்ணத்தகாத விலங்குகளுக்கு இது கூடாது என்றே உள்ளது. அம்மத்ஹபினர் தம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. ஆயாவின் கவலை வேறு: எலி பிடிப்பதை நிறுத்திவிடுமோ என்பது. வேட்டைக் குணம் அதனால் போய்விடாது என்று கால்நடை மருத்துவர் கூறியபின் ஒப்புக்கொண்டார்.

நாமக்கல்லில் 1985 இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு, மூங்கில் கூடையில் வைத்து நானே கொண்டுசென்றேன். பேருந்தில், 70 வளைவுகளிலும், என் மடியில் அமர்ந்து அது உறுமிக்கொண்டே வந்தது. நாற்பதாவது வளைவுக்குள் என் வேட்டியை நனைத்தும்விட்டது. லுஹரை மாற்று லுங்கியில் தொழுதேன். எனக்கு அது தேவையாகவே இருந்தது.

ஏறத்தாழ ஆறு வாரங்களில் பீய்ச்சுவது நின்றது. இப்பொழுதும் எப்போதாவது வந்து கொல்லைச் சுவரில் அமர்கிறது. அதற்கென ஒரு சட்டியில் தண்ணீர் வைத்திருக்கிறேன். என் மகளை அருகில் விடுகிறது. என்னைக் கண்டால் இன்றும் காதை மடக்குகிறது. அதற்கு நினைவிருக்கிறது.

சிறுவனுக்குரிய விடையை, அவன் கேட்ட மூன்றாம் நாள் ஏழு பிள்ளைகளின் முன்னிலையில் சொன்னேன்: அடித்ததும் பாவமே, நான் தவ்பாச் செய்தேன். தவ்பாவின் நிபந்தனைகள் அவர்களுக்கு மனப்பாடம்: பாவத்தை விடுதல், வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதிகொள்ளல், பிறர் உரிமையாயின் அவரிடம் அதனைத் தீர்த்தல். "பூனைக்கிட்ட எப்படி ஹஜ்ரத் மன்னிப்புக் கேட்கிறது?" என்றான் அவன். கேட்க முடியாது என்றேன். மனிதனிடம் செய்த தவறை ஒரு சொல்லால் முடித்துக்கொள்ள வழியுண்டு. வாயில்லா உயிரிடம் அவ்வழி இல்லை. ஆகவேதான் அதன் விஷயத்தில் முன்னரே அஞ்ச வேண்டும்.

நம் கரங்களுக்குக் கீழ் உள்ள உயிர்கள் மறுமையில் நமக்கெதிராக நிற்காத வண்ணம் வாழ அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.