வடிகுழாயின் நாட்கணக்கு

முதல் நாள்

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் ‘யூரின் டியூப்’ என்றே வழங்கும் நிலைவடிகுழாய், 1930களில் அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் ஃபிரெடரிக் ஃபோலி வகுத்த அமைப்பிலேயே பெரும்பாலும் இன்றும் இருக்கிறது. லேடக்ஸ் அல்லது சிலிக்கோன் குழாயின் நுனியருகே உள்ள சிறு பலூனில் கிருமி நீக்கிய நீரை நிரப்பினால், குழாய் சிறுநீர்ப்பையை விட்டு நழுவாது. இயல்பாகச் சிறுநீர் கழிக்கையில் அதன் வேகமே நுண்ணுயிரிகளை வெளியே அடித்துச் சென்றுவிடும். குழாய் தங்கிய உடலில் அந்தக் கழுவல் நின்றுபோவதோடு, பலூனின் அடியில் சிறிது சிறுநீர் எப்போதும் தேங்கியும் கிடக்கிறது. பொருத்திய சில மணி நேரத்துக்குள் சிறுநீரிலுள்ள புரதங்கள் குழாயின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்துவிடுவதால், பாக்டீரியா பற்றிக்கொள்ள இடமும் ஆயத்தமாகிவிடுகிறது.

மூன்றாம் நாள்

குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் 100 பேரில் ஏறத்தாழ 3 முதல் 7 பேருக்குச் சிறுநீரில் புதிதாகப் பாக்டீரியா தோன்றுகிறது. அவற்றுள் பல நோயாளியின் குடலிலிருந்தே வந்து, தோலுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள ஈரத்தின் வழியே மேலேறுபவை. ஏனையவை, குழாயும் பையும் இணையும் இடத்தைக் கழற்றும்போதோ பையின் திறப்பைக் கழுவாத கையால் தொடும்போதோ உட்புறமாக நுழைபவை. பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்கவேண்டும், தரையிலும் படக்கூடாது என்னும் விதி எளிதாகத் தோன்றினாலும், உயர்ந்த நிலைப்படிகளைத் தாண்டித்தான் வளவு என்னும் உள்முற்றத்திலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போகமுடிகிற செட்டிநாட்டு வீட்டில், சக்கர நாற்காலியைத் தூக்குவோர் பையை நோயாளியின் மடியில் வைத்துவிடுவது இயல்பே. அந்தச் சில நொடிகளில் பையிலுள்ள சிறுநீர் வந்த வழியே திரும்பலாம்.

பத்தாம் நாள்

பற்றிக்கொண்ட பாக்டீரியா, தாமே சுரக்கும் பசையில் புதைந்து உயிர்ப்படலம் என்னும் அடுக்காக வளர்கின்றன. கிணற்றுப் படியில் வழுக்கும் பாசியைப் போன்றது இது. மருந்தும் உடலின் காவல் அணுக்களும் இதனுள் எளிதில் ஊடுருவுவதில்லை. புரோட்டியஸ் என்னும் வகை வந்து சேர்ந்தால் நிலைமை மேலும் மோசமாகும்; அது யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்க, சிறுநீரின் காரத்தன்மை ஏறி, கால்சியம், மெக்னீசியம் பாஸ்பேட்டுகள் படிகமாகிக் குழாயையே அடைத்துவிடும்.

இப்படலத்தை ஆராய்ந்த ஊர்களில் காரைக்குடியும் ஒன்று. அழகப்பா பல்கலைக்கழக உயிரித்தொழில்நுட்பத் துறையில் கருத்தபாண்டியன், வீர ரவி ஆகியோர் பங்கேற்ற குழு 2012இல் சீரகத்தையும், 2014இல் மஞ்சளின் குர்குமினையும் பற்றிய முடிவுகளை வெளியிட்டது. பாக்டீரியா வேதிச் சைகைகளை வெளிவிட்டுத் தம் எண்ணிக்கையை உணர்ந்து, கூட்டம் போதிய அளவு பெருகியதும் ஒன்றுபட்டுச் செயல்படுகின்றன. புரோட்டியஸ் உள்ளிட்ட சிறுநீர்த்தொற்றுக் கிருமிகளில் அச்சைகையைக் குலைத்து, குர்குமின் படலத்தை வளரவிடாமல் தடுத்ததை 2014 ஆய்வு காட்டியது. ஆய்வகத் தட்டில் கிடைத்த இம்முடிவை நோயாளியின் குழாய்க்கு அப்படியே நீட்டுவதற்கில்லை. மஞ்சள் நீரைக் குழாயில் ஊற்றிப் பார்ப்பது தீங்கையே தரும். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் அளித்ததால் இவ்வூருக்கு வந்து 1953இல் திறக்கப்பட்ட ‘செக்ரி’, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இரும்புக் குழாய்களை நுண்ணுயிரிகள் அரிப்பதை ஆராய்ந்திருக்கிறது என்பதையும் இங்கே நினைக்கலாம். எண்ணெய்க் குழாயானாலும் உடலின் குழாயானாலும் படலம் கட்டும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

முப்பதாம் நாள்

இந்நாளுக்குள் குழாய் உள்ள ஏறத்தாழ அனைவரின் சிறுநீரிலும் பாக்டீரியா குடியேறியிருக்கும் என்பதால், ‘கல்ச்சர்’ அறிக்கையில் கிருமியின் பெயரைக் கண்டு வீட்டார் பதறுவதற்கு இடமில்லை. குடியேற்றம் வேறு, தொற்று வேறு. காய்ச்சல், குளிர்நடுக்கம், அடிவயிற்றிலோ விலாப்புறத்திலோ வலி, முதியவருக்குத் திடீரென வரும் மனக்குழப்பம் முதலியன தோன்றி, அவற்றுக்கு வேறு காரணமும் காணப்படாதபோதே தொற்று எனக் கொள்ளப்படும். சிறுநீர் கலங்கியிருப்பதோ நாற்றமடிப்பதோ தனியே சான்றாகாது. கர்ப்பமும் சில சிறுநீர்ப்பாதைச் சிகிச்சைகளும் நீங்கலாக, அறிகுறியற்ற குடியேற்றத்துக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், மருந்துக்கு அடங்காத வகைகளே பின்னர் எஞ்சும். இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட குழாயானால், அதை மாற்றிப் புதிய குழாயிலிருந்து மாதிரி எடுப்பதே முறை; பழைய குழாயின் மாதிரி சிறுநீர்ப்பையைவிடப் படலத்தைப் பற்றியே அதிகம் சொல்லும்.

எடுக்கும் நாள்

1958இல் பால் பீசன் என்னும் அமெரிக்க மருத்துவர் வடிகுழாய்க்கு எதிராகவே ஒரு தலையங்கம் எழுதினார். இன்றும் தொற்றைக் குறைக்கும் வழிகளுள் குழாயை விரைந்து எடுப்பதற்கு ஈடானது வேறில்லை. பலூன் நீரை ஊசியற்ற சிரிஞ்சால் முழுவதும் உறிஞ்சிய பின்னரே குழாய் மெல்ல இழுக்கப்படுகிறது. முதலில் சற்று எரிச்சல் இருக்கலாம். பலருக்குக் குடியேறிய பாக்டீரியா மருந்தின்றியே மறைகிறது. அடுத்த சில மணி நேரத்தில் சிறுநீர் தானாகப் பிரிகிறதா, எவ்வளவு பிரிகிறது என்பதை மட்டும் அளந்து குறித்துவைக்க வேண்டியிருக்கும்.