வெந்நீர் சொன்ன கணக்கு

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று சொன்னால் அதை அப்படியே நம்பி விடுகிறீர்களா? நானும் நம்பினேன். அதன் பலனை ஒரு விடியற்காலையில் கண்ணால் கண்டேன்.

நான் தோட்டப் பள்ளி ஆசிரியை. பல ஆண்டுகள் தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துப் பள்ளியில் வேலை பார்த்தேன். 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கேமரன் மலைக்கு மாற்றல் கிடைத்தது. லோரியில் ஏற்றிய சாமான்களோடு எங்கள் பழைய ஹீட்டரும் மலையேறியது. தொட்டி இல்லாமல், ஓடுகிற தண்ணீரையே சுட வைக்கும் வகை அது. "கீழே நல்லாத்தானே வேலை செஞ்சது, இங்கே புதுசு எதுக்கு?" என்றார் என் கணவர். உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்துக் குளியலறையில் மாட்டினோம்.

கேமரன் மலை கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து நானூறு மீட்டருக்கும் மேலே இருக்கிறது. பகலில் தேயிலைச் சரிவுகளைப் பார்க்கக் கண்கள் போதாது. இரவில் கம்பளி போதாது. நானும் அவரும் மதியம் பள்ளி விட்டு வந்த பிறகுதான் குளிப்போம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். மலைக்கு இது போதும் என்று இருந்துவிட்டோம்.

என் மாமியார் அப்படியில்லை. முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ஐந்து மணிக்குள் குளித்து, சாமி விளக்கேற்றினால்தான் அவருக்குப் பொழுது விடியும். வந்த புதிதில், "தண்ணி சுடுதா அத்தை?" என்று கேட்டேன். "சுடுது தாயி, போதும்" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு நாள், விடிவதற்கு முன் 'தடால்' என்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், குளியலறை வாசலில் அத்தை சுவரைப் பிடித்தபடி நிற்கிறார். கீழே கேத்தல் உருண்டு கிடக்கிறது, தரையெல்லாம் ஆவி பறக்கிறது. ஈரத்தில் கால் வழுக்கியிருக்கிறது. நல்ல வேளை, கொதிநீர் கால்விரல்களில் மட்டும்தான் தெறித்திருந்தது. குழாய்த் தண்ணீரில் காலை வெகுநேரம் பிடித்து வைத்தேன்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. தினமும் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, கேத்தலோடு இருட்டில் தூக்கிப் போய், வாளியில் கலந்து குளித்து வந்திருக்கிறார்!

"ஏன் அத்தை சொல்லல?"

"பேத்திக்கு ஹாஸ்டல் பணம் கட்டணும்னு பேசிக்கிட்டிருந்தீங்க. இதுல நான் வேற செலவு வைக்கணுமா?"

என்னால் பதில் பேச முடியவில்லை.

அன்று மாலையே கணவர் களத்தில் இறங்கினார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சின்ன வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். மண்ணும் பாசியுமாக வந்தது. "இதுதான் கோளாறு!" என்று வெற்றியோடு சொன்னார். குழாயைத் திறந்தோம். தண்ணீர் முன்னைவிட வேகமாகக் கொட்டியது. ஆனால் முன்னைவிடக் குளிர்ந்திருந்தது!

மறுநாள் பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார். "பழசு, போயிடுச்சு. பெரிசா ஒண்ணு வாங்குங்க" என்றார். பெரிய ஹீட்டர் என்றால் தடித்த வயரும் புதிதாக இழுக்க வேண்டுமாம். கடன் வாங்கியாவது வாங்கி விடலாம் என்று இவர் கிளம்பிவிட்டார்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். கெட்டுப்போன ஹீட்டர், வடிகட்டியைக் கழுவியதும் ஏன் இன்னும் குளிர வேண்டும்? அன்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்குப் போட்டுக் கொண்டிருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. தலைமையாசிரியரிடம் சொல்லி, அறிவியல் அறையிலிருந்து ஒரு வெப்பமானியை இரவல் வாங்கி வந்தேன்.

அடுத்த நாள் விடியற்காலையில் அளந்தேன். குழாய்த் தண்ணீர் 18 டிகிரி. ஹீட்டரிலிருந்து வருவது 31. பத்து லிட்டர் வாளி நிரம்ப இரண்டரை நிமிடம். அதாவது நிமிடத்துக்கு 4 லிட்டர்.

ஹீட்டரின் மேல் 3.6 கிலோவாட் என்று போட்டிருந்தது. நிமிடத்துக்கு ஒரே ஒரு லிட்டர் ஓடினால் சுமார் 51 டிகிரி ஏற்றக்கூடிய சக்தி அது. நான்கு லிட்டர் ஓடினால் அந்தச் சூட்டை நான்கும் பங்கு போட்டுக் கொள்ளும். பங்குக்கு ஏறக்குறைய 13 டிகிரி. பதினெட்டோடு பதின்மூன்றைக் கூட்டினால் முப்பத்தொன்று. கணக்கு அப்படியே பொருந்தியது! தெலுக் இந்தானில் குழாய்த் தண்ணீரே 27 டிகிரி இருக்கும். அங்கே அதே பதின்மூன்றைக் கூட்டினால் நாற்பது, சுகமான வெந்நீர். ஹீட்டர் கெடவில்லை. அது முன்பு செய்த வேலையைக் குறையாமல்தான் செய்து கொண்டிருந்தது. தண்ணீர்தான் மாறிவிட்டது.

ஹீட்டரின் அடியிலிருந்த திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினேன். வாளி நிரம்ப நான்கு நிமிடம் ஆகும்படி வைத்தேன். வெப்பமானி 38ஐத் தாண்டி நின்றது. ஆசைப்பட்டு இன்னும் மூடினேன். ஹீட்டர் அணைந்தே விட்டது. தண்ணீர் அளவுக்கு மீறிக் குறைந்தால் தானே நின்றுவிடும்படி அதைச் செய்திருக்கிறார்கள். மறுபடி பழைய இடத்துக்குத் திருப்பி, அந்த இடத்தில் பிள்ளைகளின் நகச்சாயத்தால் ஒரு கோடு போட்டு வைத்தேன். ஒரு காசு செலவில்லை.

வாசகர்களே, உங்கள் வீட்டு ஹீட்டர் சுடவில்லை என்றால், தூக்கி எறியும் முன் ஒரு வாளியையும் கடிகாரத்தையும் எடுத்துக் கொள்ளுங்கள். தண்ணீரைக் குறைத்தும் சூடு ஏறவில்லை என்றால்தான் உள்ளே கோளாறு. அப்போது மூடியை நீங்களே கழற்றாதீர்கள். உரிமம் பெற்றவரைக் கூப்பிடுங்கள். மின்கசிவைத் தடுக்கும் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்றால், அது உங்களைக் காப்பாற்றுகிறது என்று அர்த்தம். யார் சொன்னாலும் அதை நீக்கிவிட்டு நேராக இணைக்க விடாதீர்கள். அதிலிருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

ஹீட்டரின் கணக்கு அன்றே தீர்ந்தது. என் கணக்குத்தான் பாக்கி. மூன்று மாதம் ஒரே வீட்டில் இருந்தும், அத்தை குளிக்கும் நேரத்தில் ஒரு தடவைகூட அந்தத் தண்ணீரில் நான் கை வைத்துப் பார்க்கவில்லை. கேட்டதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

அன்று குளித்துவிட்டு வந்த அத்தை, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "இப்ப சுடுது தாயி" என்றார். இந்த முறை நான் குளியலறைக்குள் போய்க் கையை நீட்டிப் பார்த்தேன். உண்மையாகவே சுட்டது.