வண்டியை இறக்குறதா, கொக்கியை இறக்குறதா?

மெக்கானிக்கல் படிக்கிற பையன் வீட்ல இருந்தா, சொந்தக்காரங்க எல்லாருக்கும் அவன் ஒரு ஃப்ரீ மெக்கானிக். மிக்சி ஓடலையா, மோட்டார்ல தண்ணி ஏறலையா, கூப்பிடு அவனை. ஆனா போன ஆடிக்கு முன்னாடி என் மாமா கேட்ட ஒரு கேள்வி, நாலு வருஷமா நாம படிச்ச சப்ஜெக்ட்ல பாதியை வெளிய இழுத்துப் போட்டுச்சு. மத்த டிபார்ட்மென்ட் மக்களும் தைரியமா படிக்கலாம். கணக்கு கொஞ்சம்தான்.

மாமாவுக்கு கள்ளக்குறிச்சியில் சவுண்ட் சர்வீஸ். ஸ்பீக்கர் பாக்ஸ், சீரியல் செட், ஜெனரேட்டர், ஒரு பழைய பிக்கப். மேற்கே பார்த்தா கல்வராயன் மலை. கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுற அந்த ரோடுதான் மாமாவோட ஆடி மாச வருமானம். மலையில ஊருக்கு ஊர் மாரியம்மன் திருவிழா நடக்கும். கரண்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது. அதனால மைக் செட் புக் பண்றவங்க முதல்ல கேக்குறதே, "ஜெனரேட்டர் இருக்கா?"

அதுவரைக்கும் ஜெனரேட்டரை வாடகை டிராக்டர் ஒண்ணு இழுத்துட்டுப் போகும். அந்த வாடகையிலேயே லாபம் கரைஞ்சிடுது. அதனால மாமா செகண்ட் ஹேண்ட்ல ரெண்டு சக்கர டிரெய்லர் ஒண்ணு வாங்கி, ஜெனரேட்டரை அதுல மாட்டி, தன் பிக்கப்பிலேயே இழுக்கலாம்னு முடிவு பண்ணாரு. அங்கதான் பிரச்சனை. பிக்கப்போட பின்பக்கம் உயரம், டிரெய்லர் ஏர்கால் தாழ்வு. மாட்டிப் பார்த்தா டிரெய்லர் மூக்கைத் தூக்கிட்டு, பின்னாடி சரிஞ்சு நிக்குது.

"மாப்ள, பின்னாடி ரெண்டு பட்டையை உருவிட்டா வண்டி இறங்கிடும்ல?" இதுதான் மாமா கேட்ட கேள்வி.

பட்டைன்னா கமான் பட்டை. நம்ம புக்ல லீஃப் ஸ்பிரிங். எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு ஸ்ட்ரெஸ் ஃபார்முலா தெரியும், செமி எலிப்டிக்கல்னா என்னன்னு வைவாவுல சொல்லுவேன். அதுக்கு நம்ம ஊர்ப் பேரு கமான் பட்டைன்னு அன்னைக்குத்தான் காதுல விழுந்துச்சு.

ரெண்டு பேரும் சேலம் ரோட்டுல இருக்குற ஒரு கமான் பட்டறைக்குப் போனோம். அந்த அண்ணன் வண்டிக்கு அடியில பார்த்துட்டு மூணு வழி சொன்னாரு. ஒண்ணு, பட்டையை உருவுறது. ரெண்டு, பட்டையை அடிச்சு வளைவைக் குறைக்கிறது. மூணு, இப்ப ஆக்சிலுக்கு மேல உக்காந்திருக்குற கமானைக் கீழ கொண்டுபோய் கட்டுறது. மூணையும் சொல்லிட்டு, "ஆனா மூணும் வேணாம்னுதான் சொல்லுவேன். நீங்க காசு குடுத்தா செஞ்சு தர்றேன்"னாரு. வர்ற வேலையையே வேணாம்னு சொல்ற ஆளை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஏன்னு கேட்டேன். "தம்பி, மாட்டு வண்டி ஓட்டுனவங்களைக் கேளு. முன்பாரமும் ஆகாது, பின்பாரமும் ஆகாது. பின்பாரமானா நுகத்தடி மேல தூக்கும், மாட்டுக் கழுத்தைக் கயிறு இறுக்கும். உங்க டிரெய்லர் இப்ப பின்பாரம். அதுக்கு ஏன் மாட்டோட காலை வெட்டணும்?"

இதையே நம்ம பாஷையில சொன்னா டங் வெயிட், அதாவது டிரெய்லர் மூக்கு கொக்கி மேல அழுத்துற பாரம். டிரெய்லர் மொத்த எடையில 10-ல் இருந்து 15 சதவீதம் மூக்குல இருக்கணும்னு அமெரிக்காவுல ஒரு பழக்கக் கணக்கு வச்சிருக்காங்க. அது ரொம்பக் குறைஞ்சா வேகத்துலயும் இறக்கத்துலயும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அந்த ஆட்டம் கூடிக்கிட்டே போனா முன்னாடி போற வண்டியையும் சேர்த்து இழுத்துடும்.

சரி, அளந்துடுவோம்னு இறங்கினேன். எடை மேடையில ஏத்தினா டிரெய்லரும் ஜெனரேட்டரும் சேர்த்து 800 கிலோ. டிரெய்லரை மட்டமா நிறுத்தி, மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசை மூக்குக்கு அடியில வச்சா 80 கிலோ. சரியா 10 சதவீதம். டிரெய்லர் மேல குறையே இல்லை. மட்டமா நின்னாப் போதும்.

அடுத்து உயரம். டிரெய்லர் மட்டமா நிக்கும்போது ஏர்கால் தரையில இருந்து 52 சென்டிமீட்டர். காலி பிக்கப்ல கொக்கி 72. வித்தியாசம் 20. ஆனா மாமா காலி வண்டியில என்னைக்குத் திருவிழாவுக்குப் போறாரு? ஸ்பீக்கர் பாக்ஸ் எல்லாத்தையும் ஏத்தச் சொன்னேன். பசங்க திட்டிக்கிட்டே ஏத்தினாங்க. கொக்கி 64-க்கு இறங்குச்சு. பாரம் ஏறினதும் கமான் தானாவே 8 சென்டிமீட்டர் இறக்கிக் குடுத்துடுது. மிச்சம் இருக்குறது 12 மட்டும்தான்.

இப்ப அந்தக் கணக்கு. ஆக்சில்ல இருந்து கொக்கி வரைக்கும் 2 மீட்டர். ஜெனரேட்டரோட பாரம் குவியுற புள்ளி ஆக்சிலுக்கு மேல சுமார் 70 சென்டிமீட்டர். மூக்கு 12 சென்டிமீட்டர் தூக்கினா அந்தப் புள்ளி 4 சென்டிமீட்டர் பின்னாடி சாயும். அதனால மூக்குப் பாரம் 80-ல் இருந்து 63-க்கு வந்துடும். 20 சென்டிமீட்டர் தூக்கினா 52. பார்க்கச் சின்ன நம்பர்தான். மலை இறக்கத்துல, கொண்டை ஊசி வளைவுல, மழை பெய்ஞ்ச ரோட்டுல அது சின்ன நம்பர் இல்லை.

அப்போ வண்டியை இறக்கினா என்ன தப்பு? பட்டையை உருவினா பாரம் தாங்குற ஆளையே அனுப்பிட்டு பாரம் ஏத்துற மாதிரி. மிச்ச பட்டைங்க மேல ஸ்ட்ரெஸ் ஏறும், குழியில விழுந்தா ஆக்சில் போய் சேசிஸ்ல மோதும். பட்டையைச் சூடு பண்ணி அடிச்சா அந்த எஃகுக்குக் குடுத்திருக்குற ஹீட் ட்ரீட்மென்ட்டே போயிடும். கொஞ்ச நாள்ல தொங்கும், இல்ல விரியும். பின்னாடி இறங்கினா முன்னாடி தூக்கும். ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டை விட்டுட்டு எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்கும். ராத்திரி திருவிழா முடிஞ்சு திரும்பி வர்ற ரோடு அது.

ஆனா என்னை ரொம்ப யோசிக்க வச்சது வேற ஒண்ணு. வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்தப்போ, பின் ஆக்சிலுக்கும் சேசிசுக்கும் நடுவுல ஒரு சின்ன லீவர் இருந்துச்சு. அது எல்எஸ்பிவி, பாரத்தைப் பார்த்து பின் சக்கர பிரேக்குக்கு அழுத்தம் பங்கு போடுற வால்வு. பின்பக்கம் இறங்கியிருந்தா "லோடு இருக்கு"ன்னு நினைச்சு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். தூக்கியிருந்தா "காலி வண்டி"ன்னு குறைக்கும். அதுக்குக் கண்ணு கிடையாது, உயரம் மட்டும்தான் தெரியும். நாம வண்டியை இறக்கிட்டு அந்த வால்வைத் திருப்பி செட் பண்ணலைன்னா, காலி வண்டிக்கும் லோடு வண்டி பிரேக் விழும். ஈர ரோட்டுல பின் சக்கரம் லாக் ஆகி வால் வழுக்கும். பின்னாடி பிரேக்கே இல்லாத 800 கிலோ டிரெய்லர் வேற தள்ளிக்கிட்டு வரும்.

இதுக்கு நேர் எதிரான வேலையும் நம்ம பக்கம் நிறைய நடக்குது. மரவள்ளிக் கிழங்கு மூட்டை கூடுதலா ஏத்தணும்னு எக்ஸ்ட்ரா பட்டை கட்டுவாங்க. அப்ப வால்வு ஏமாறுறது மறுபக்கம். முழு பாரத்தோட மலை இறங்கும்போது வண்டி காலின்னு நினைச்சு பின் பிரேக்கைக் குறைச்சிடும். கிழங்கு வண்டி வச்சிருக்குற சொந்தக்காரங்க உங்களுக்கு இருந்தா இதை மட்டும் சொல்லிடுங்க.

சட்டமும் இருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு, ஆர்.சி.யில இருக்குற கம்பெனி விவரம் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷத் திருத்தத்துல, மாற்றம் ஒண்ணுக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

கடைசியில வண்டியைத் தொடாம கொக்கியை மட்டும் இறக்கினோம். வெளிநாட்டுல இதை டிராப் ஹிட்ச்னு கடையிலேயே விக்கிறாங்க. நாங்க லேத்துல செஞ்சோம். 12 சென்டிமீட்டர் கீழ தொங்குற தகடு. இங்கயும் ஒரு கணக்கு இருக்கு. கொக்கி கீழ போகப் போக தகட்டை வளைக்கிற மொமென்ட் கூடும். அரை ஜி அளவுக்கு பிரேக் அடிச்சா டிரெய்லர் தள்ளுறது சுமார் 4,000 நியூட்டன். 0.12 மீட்டரால பெருக்கினா 480 நியூட்டன் மீட்டர். 10 சென்டிமீட்டர் அகலம், 16 மில்லிமீட்டர் தடிமன் தகட்டுல ஸ்ட்ரெஸ் 112 மெகாபாஸ்கல். சாதா ஸ்டீல் சுமார் 240 வரைக்கும் தாங்கும். ரோட்டுக் குழியை நினைச்சுப் பார்த்து 20 மில்லிமீட்டருக்குப் போனோம். ஸ்ட்ரெஸ் 72-க்கு இறங்குச்சு, மூணு மடங்குக்கு மேல பாதுகாப்பு. ரெண்டு பக்கமும் முக்கோணத் தகடு வச்சு வெல்டிங். சேசிஸ்ல வெல்டிங் வேணவே வேணாம், ஏற்கனவே இருக்குற ஓட்டையில போல்ட்டு போதும்னு பட்டறை அண்ணன் கறாரா சொல்லிட்டாரு. கூடவே, கொக்கி விட்டுப்போனாலும் டிரெய்லர் ஓடிடாம இருக்க ரெண்டு சங்கிலி, குறுக்க மாட்டி.

மாமாவுக்குப் பாதி மனசுதான். "இம்புட்டுத் தகடுக்கு இம்புட்டுக் கணக்கா?"ன்னாரு. வெள்ளிமலை போயிட்டு வந்த அன்னைக்கு நானும் கேபின்ல இருந்தேன். இறக்கம் ஆரம்பிக்கிற இடத்துல நிறுத்தி, ரெண்டாவது கியர்ல போட்டு, வேகம் 20-ஐத் தாண்டாம இறக்கினாரு. டிரெய்லருக்குன்னு தனி பிரேக் இல்லைங்கிற குறை இன்னும் அப்படியேதான் இருக்கு. அந்தக் குறையை எந்தத் தகடும் தீர்க்காது, டிரைவரோட பொறுமைதான் தீர்க்கணும். இன்னொரு விஷயமும் மாறுச்சு. முன்னெல்லாம் ரெண்டு பசங்க ஸ்பீக்கர் பாக்ஸ் மேல உக்காந்து வருவாங்க. இப்ப அவங்களை மாமா பஸ்ல அனுப்பிடுறாரு. அது நான் சொல்லி நடந்ததில்லை. அந்த 63, 52 நம்பர் எல்லாம் கேட்டுட்டு அவரே எடுத்த முடிவு.

அடுத்த மாசம் நமக்கு பிளேஸ்மென்ட். சஸ்பென்ஷன் பத்திக் கேட்டா என்கிட்ட இங்கிலீஷ்ல ஒரு பதில் ரெடியா இருக்கு. ஆனா உங்க ஊர்ல யாராவது "மாப்ள, பட்டையை உருவலாமா?"ன்னு கேட்டா, பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு டேப் எடுத்துட்டுப் போங்க. லோடு ஏத்தின பிறகு அளங்க.