அடமானத்தில் வந்த பதக்கம்

தலையணையைப் புரட்டவே நமக்கு மூச்சு வாங்கும். மல்யுத்தம் நமக்கு வெகு தூரம். ஆயினும் மராட்டியத்துக் கோலேஷ்வர் கிராமத்துக் கஷாபா ஜாதவின் விருத்தாந்தத்தைப் படித்தபோது நம் நெஞ்சும் சற்று நிமிர்ந்தது.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் அவருக்கு ஆறாவது ஸ்தானம். 1952-இல் ஹெல்ஸிங்கி செல்லக் கையில் பணமில்லை. கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி முதல்வர் கர்டிகர் தம் வீட்டை அடமானம் வைத்து ரூ. 7000 கொடுத்தார். நாமாயிருந்தால் வீட்டு அம்மாளிடம் இந்த யோசனையைச் சொல்லவே துணிந்திருக்கமாட்டோம்!

அங்கே ஜப்பானிய வீரர் இஷியோடு பொருதிக் களைத்தவரை, ஓய்வு கொடாமல் ஸோவியத் வீரரோடு மோதவிட்டார்கள். ஆட்சேபிக்க இந்திய அதிகாரி ஒருவரும் அருகில் இல்லை. அப்படியும் வெண்கலம் கிடைத்தது; சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அடுத்ததற்கு 1996 வரை, 44 வருஷம், காத்திருந்தோம்.

அர்ஜுனா விருது, 1984-இல் அவர் விபத்தில் மாண்டு பல வருஷங்களுக்குப் பிறகே வந்தது. கர்டிகரின் கடனோ அப்படிக் காத்திருக்கவில்லை. ஊர் திரும்பியதும் ஜாதவ் குஸ்திப் போட்டிகள் நடத்தி, அந்த வரும்படியைக் கொண்டு வீட்டை மீட்டுக் கொடுத்துவிட்டார்.