புறம்போக்கு

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை என்றால் சந்தைதான். ஆடும் மாடும் கோழியும் வந்து இறங்கும். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்து பேரம் நடக்கும். போன மாதம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். விலை படியாத கோபத்தில் ஒருவர் இன்னொருவரை, "போடா புறம்போக்கு" என்று திட்டினார்.

"புறம்போக்குன்னா என்ன தாத்தா?" என்றாள் பேத்தி.

வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் எழுத்தராக இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஏரி, ஓடை, வண்டிப்பாதை, மேய்ச்சல் தரை, சுடுகாடு என்று யார் பெயரிலும் பட்டா இல்லாத, தீர்வை போடாத ஊர்ப் பொது நிலம் என்று விளக்கினேன். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அங்கே இதை 'தொமேன் புப்ளிக்' என்போம். எல்லாருக்கும் சொந்தம், ஆகவே யாரும் விற்க முடியாது என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சொல்லை வைத்து யாரும் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி கைபேசியில் தேடி ஒரு பாட்டைப் போட்டாள். 'சென்னை புறம்போக்குப் பாடல்'. 2017 ஜனவரியில் வெளிவந்தது. கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடியது. சபாவில் கேட்கிற கர்நாடக ராகங்களில் சென்னைப் பேச்சுத் தமிழ்! பாடுகிற இடமும் மேடை அல்ல, எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம். அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் படிந்த சதுப்பு. நிலக்கரி எரிவதால் பூமி சூடாகிறது, மழை தாறுமாறாகிறது. அந்த மழைநீரை வாங்கிக்கொள்ள வேண்டிய இடத்திலேயே அதன் சாம்பலையும் கொட்டினால் தண்ணீர் எங்கே போகும்?

பாட்டினால் என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 2015-இல் சோபியா அஷ்ரப் கொடைக்கானல் பாதரச ஆலைத் தொழிலாளர்களுக்காக ஒரு ராப் பாட்டுப் பாடினார். உலகமே பார்த்தது. மறு வருடம் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டுமே செய்த வேலை அல்ல. தொழிலாளர்கள் பல வருடம் போராடியிருந்தார்கள். பாட்டு மற்றவர்களின் காதைத் திறந்தது.

என் காது திறக்க எழுபது வயது தாண்ட வேண்டியிருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்துக்கு, ஒரு சிற்றேரியை வகைமாற்றம் செய்யும் கோப்பு வந்தது. கோடைக்காலம். 'நீர்வரத்து இல்லை, மேய்ச்சலும் இல்லை, ஆட்சேபணை இல்லை' என்று குறிப்பு எழுதச் சொன்னார்கள். இடத்தைப் போய்ப் பார்க்காமலே அழகான கையெழுத்தில் எழுதினேன். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் இரண்டு நாள் வராந்தாவில் நின்றார். "மழை பேஞ்சதும் ஒரு தடவை வந்து பாருங்கய்யா" என்றார். "பெரிய அதிகாரியிடம் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டேன். பிறகு அங்கே வீடுகள் வந்தன. சில வருடம் கழித்து ஒரு ஐப்பசி மழையில் பேருந்தில் அந்த வழியாகப் போனேன். வாசல்படிக்கு மேலே தண்ணீர் நின்றது. ஒரு அம்மாள் அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். பெரியவர் என்னை வந்து பார்க்கச் சொன்னது இதைத்தான். பேருந்து நிற்கவில்லை, நானும் இறங்கவில்லை.

இந்தக் கதையைப் பேத்தியிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இங்க இருக்கற ஏரியெல்லாம் எழுதி வச்சிருக்காங்களா தாத்தா?" என்றாள்.

அ-பதிவேட்டில் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த கிழவனும் வீட்டில் இருக்கிறேன். நகல் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். கிடைத்ததும் ஏரி, குட்டை, ஓடை ஒவ்வொன்றின் சர்வே எண்ணையும் பரப்பையும் பேத்தி அட்டையில் பெரிதாக எழுதி, பக்கத்தில் படமும் வரைவதாகச் சொல்லியிருக்கிறாள். அக்டோபர் 2 கிராமசபையில் அதை நான் வாசிக்கப் போகிறேன். பாட வராது. வாசிக்க வரும்.

இந்த முறை இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாசிப்பேன்.